ஏரியிலிருந்து கழிக்கு: செங்கல்பட்டுக் கரையோரத்தின் சைக்கிள் வழிகள்

ஞாயிற்றுக்கிழமை பொழுது புலர்வதற்குள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) சைக்கிள்கள் இறங்கிவிடுகின்றன. திருவான்மியூரில் கிளம்பி, மாமல்லபுரம் போய், இட்லியும் காபியும் முடித்து, வெயில் ஏறுமுன் வீடு திரும்புவது சென்னைக்காரர்களின் வாடிக்கை. 2021-இல் முதலமைச்சர் பொறுப்பேற்ற புதிதில் மு.க. ஸ்டாலின் இதே சாலையில் மாமல்லபுரம் வரை சைக்கிள் ஓட்டிய படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. காவல்துறைத் தலைவராக இருந்த சைலேந்திர பாபுவின் நெடுந்தூர ஓட்டங்களும் பலருக்கு நினைவிருக்கும். போதாக்குறைக்கு 200 கி.மீ. தூரத்தைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கச் சொல்லும் ‘பிரெவே’ ஓட்டங்கள் வேறு. ஆக, சென்னையில் சைக்கிள் என்றால் ஈ.சி.ஆர். என்றாகிவிட்டது.

இவர்களில் பெரும்பாலோர் ஒரு பெரிய ஈரநிலத்தின் ஓரமாகவே போய், அதைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை இந்தச் சாலை கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே, ஒரு மெல்லிய மணல் திட்டின்மேல் ஓடுகிறது. இடப்பக்கம் கடல், வலப்பக்கம் கால்வாயும் கழியும் உப்பளமும். ஆனால் சைக்கிளில் போகிறவரின் கண்ணில் படுவது ரிசார்ட்டுகளின் மதில், சவுக்குத் தோப்பு, மனை விற்பனை விளம்பரப் பலகை. செங்கல்பட்டு மாவட்டத்தின் நீரைச் சைக்கிளில் பார்க்க விரும்புகிறவருக்கு ஈ.சி.ஆர். மோசமான வழிகாட்டி. நீருக்கு இணையாக ஓடும் சாலை எதையும் காட்டாது. நீரைக் குறுக்கே வெட்டிப் போகும் சாலைதான் காட்டும். இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட குறுக்கு வழிகளைப் பற்றியது.

முதலில் நிலத்தின் அமைப்பு. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மாவட்டம், ஏரிகளால் ஆன மாவட்டம். மேற்கே மேட்டில் ஏரிகள். ஓர் ஏரியின் கலுங்கு வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். கடைசி ஏரியின் உபரி ஆற்றிலோ கழியிலோ கலந்து கடலைச் சேரும். மதுராந்தகம் ஏரிக்கு நீர் தரும் கிளியாறு கடைசியில் பாலாற்றில் விழுகிறது. பாலாறு வாயலூர் பக்கம் கடலில் கலக்கிறது. இந்த ஓட்டத்தின் ஒரு முனையில் வேடந்தாங்கலும் கரிக்கிலியும். இன்னொரு முனையில் முட்டுக்காடு, முதலியார்குப்பம், ஒடியூர்க் கழிகள். மாவட்ட எல்லையைத் தாண்டித் தெற்கே போனால் விழுப்புரம் பக்கம் கழுவேலி. 2022-இல் கரிக்கிலி, பள்ளிக்கரணை, வேடந்தாங்கல் மூன்றும் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி 2024-இல் சேர்ந்தது. பட்டியலில் இவை தனித்தனி இடங்கள். வேடந்தாங்கலில் கூடு கட்டும் பறவைக்கு அப்படியில்லை. குஞ்சுக்கு இரை தேடி அது சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும் பறந்தாக வேண்டும். சரணாலயத்தின் வேலி நமக்குத்தான்.

இனி வழிகள். வடக்கிலிருந்து வருவோம்.

முட்டுக்காட்டுப் பாலத்தில் ஈ.சி.ஆர். முதல் முறையாகக் கழியைக் கடக்கிறது. மேற்கே சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம், கிழக்கே முகத்துவாரம். மழை கொட்டிய வருடத்தில் முகத்துவாரம் திறந்து நீர் சீறிப் பாயும். கோடையில் மணல் மூடிக்கொள்ளும். இங்கே நின்று பார்க்கலாம். ஆனால் பாலத்தில் சைக்கிளுக்கு இடமில்லை. இதற்குத் தெற்கே இரண்டு குறுக்குச் சாலைகள் இருக்கின்றன: கோவளம்–கேளம்பாக்கம் சாலையும் நெம்மேலி–திருப்போரூர் சாலையும். இரண்டும் சில கிலோமீட்டர் நீளமே. இரண்டும் ஈ.சி.ஆரையும் பழைய மாமல்லபுரம் சாலையையும் இணைப்பவை. கால்வாய், சேறு, உப்புப் பாத்தி, ஆழமில்லாத நீர் என்று இந்தக் கரையோரத்தின் மொத்தக் குறுக்குவெட்டையும் கால் மணி நேரத்தில் பார்த்துவிடலாம். நீர் வற்றிவரும் மாதங்களில் பூநாரைகள் வந்து நிற்பது இங்கேதான். கோவளத்தில் உள்ளே போய், திருப்போரூர் முருகனைக் கும்பிட்டு, நெம்மேலி வழியாக வெளியே வந்தால் அழகான ஒரு சிறு வட்டம் அமையும். இடையில் பழைய மாமல்லபுரம் சாலையில் ஓட்ட வேண்டிய பகுதிதான் இதன் குறை, ஐ.டி. நிறுவனப் பேருந்துகளும் தண்ணீர் லாரிகளும் அங்கே யாருக்கும் வழிவிடாது.

இந்தச் சதுப்பின் எதிர்காலம் இப்போது பேசுபொருள். சென்னைக்கான ஆறாவது நீர்த்தேக்கத்தைக் கோவளம் அருகே அமைக்கப்போவதாக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. உப்புநீரும் நன்னீரும் கலந்து வாழும் ஒரு கழியை நன்னீர்த் தேக்கமாக்கினால் மீன், இறால், பறவை என்ன ஆகும் என்று மீனவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பக்கத்திலேயே நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது. சென்னையின் தாகம் இந்தக் கரையை எத்தனை விதமாக மாற்றிக்கொண்டிருக்கிறது என்பதைச் சைக்கிளில் போகிறவர் ஒரே காலையில் பார்த்துவிடலாம்.

மாமல்லபுரத்திலிருந்து மேற்கே திரும்பும் சாலை திருக்கழுக்குன்றத்துக்குப் போகிறது. சுமார் 15 கி.மீ. அங்கிருந்து இன்னும் அவ்வளவு தூரம் போனால் செங்கல்பட்டு. புதிதாக ஓட்ட வருகிறவருக்கு இந்தச் சாலையையே முதலில் சொல்வேன். ஏற்ற இறக்கம் அதிகமில்லை. பாறைக் குன்றுகள், ஏரிக்கரை, வயல், புளியமர நிழல் என்று மாறி மாறி வரும். திருக்கழுக்குன்றத்தில் மலைமேல் உச்சிப் பொழுதில் இரண்டு வெண்கழுகுகள் வந்து பண்டாரம் கையால் பொங்கல் வாங்கித் தின்றுவிட்டுப் போனதை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவை கழுகுகள் அல்ல, பாறுகள். மஞ்சள் முகப் பாறு என்று பறவையாளர்கள் சொல்வார்கள். 1990-களின் இறுதியோடு அவற்றின் வருகை நின்றுபோனது. சங்கு தீர்த்தத்தில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சங்கு பிறக்கிறது என்கிறார்கள். பறவை மட்டும் திரும்பவில்லை. இந்த ஊரிலிருந்து தென்கிழக்கே சதுரங்கப்பட்டினம் இறங்கி, டச்சுக்காரர் கோட்டையையும் அதன் கல்லறைகளையும் பார்த்துவிட்டு, கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பி மாமல்லபுரம் வந்தால் 45 கி.மீ. அளவில் ஒரு முக்கோணம். அரை நாளில் முடியும். சதுரங்கப்பட்டினத்துக்கும் கல்பாக்கத்துக்கும் இடைவெளி கிடையாது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1984-இல் இயங்கத் தொடங்கியது. அந்தப் பக்கம் கேமராவை எடுக்காமல் இருப்பது உத்தமம்.

கல்பாக்கத்துக்குத் தெற்கே பாலாற்றுப் பாலம். வாயலூரில் தடுப்பணை கட்டிய பிறகு, வருடத்தின் பல மாதங்கள் வெறும் மணலாகக் கிடந்த ஆற்றில் முகத்துவாரத்துக்கு அருகிலாவது நீர் தேங்கி நிற்பதைப் பார்க்க முடிகிறது. நீர் நின்றால் பறவை வரும்; அதற்கு அறிவிப்பும் தேவையில்லை, அரசாணையும் தேவையில்லை. இதைத் தாண்டினால் கூவத்தூர். 2017 பிப்ரவரியில் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.க்களோடு தமிழக அரசியலே ஒரு ரிசார்ட்டுக்குள் குடியேறிய ஊர் என்பதால் பெயர் எல்லோருக்கும் தெரியும். இந்த ஊர் கழி நாட்டின் வாசல் என்பது பலருக்குத் தெரியாது.

அங்கிருந்து கடப்பாக்கம் வரையிலான பகுதிதான் இந்தக் கரையோரத்தின் மிகச் சிறந்த பகுதி என்பது என் முடிவு. மாமல்லபுரத்திலிருந்து 36 கி.மீ. தூரத்தில் முதலியார்குப்பம்; சுற்றுலாத் துறையின் இன்னொரு படகுக் குழாம் இங்கே உண்டு. பரமன்கேணி பக்கம் சாலை கழியைக் கடக்கிறது. பாலத்தில் நின்றால் இருபுறமும் நீர்தான். கூழைக்கடாக்கள் மிதக்கும், இடுப்பளவு நீரில் நின்று வலை வீசுகிறவர்களும் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறவர்களும் இருப்பார்கள். கடலுக்கும் கழிக்கும் நடுவிலுள்ள இந்த நிலத்துக்கு இடைக்கழிநாடு என்று பெயர். இன்று அது ஒரு பேரூராட்சி. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். வறுமையில் வாடும் பாணனை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் அனுப்பும் அந்தப் பாட்டு, கடற்கரையில் எயிற்பட்டினத்தில் தொடங்கி வேலூர், ஆமூர் வழியாக உள்நாட்டுக் கிடங்கிலுக்கு வழி சொல்கிறது. எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்றும், கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டிய ஊர் என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆக, கரையோரமாகவே போகாமல் நெய்தலிலிருந்து மருதத்துக்குக் குறுக்கே போ என்று சொன்ன முதல் வழிகாட்டி நான் அல்ல.

கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை இருக்கிறது. முகலாயர் காலத்துக் கோட்டை, 1750-இல் பிரெஞ்சுக்காரரான டூப்ளேவுக்குக் கிடைத்தது. 1760-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். இடிந்த சுவரோரம் நின்று பார்த்தால் கழி, மணல் திட்டு, கடல் மூன்றும் அடுக்கடுக்காகத் தெரியும். கோட்டைவரை போகும் கிளைச்சாலை சைக்கிளுக்கென்றே போட்டதைப்போல அமைதியானது. மூச்சு இருக்கிறவர்கள் மரக்காணம் போகலாம்: உப்பளங்கள், பக்கிங்காம் கால்வாயின் தென்முனை, அதன் பின்னால் கழுவேலி. 1876-78 பஞ்சத்தில் கஞ்சிக்காக மண் வெட்டியவர்களின் உழைப்பு அந்தக் கால்வாயில் இருக்கிறது.

இந்தப் பகுதி தப்பிப் பிழைத்ததே ஒரு கதை. 1990-களில் கரையெங்கும் இறால் பண்ணைக் குட்டைகள் பெருகின. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் அவற்றுக்குத் தடை போட்டது. 2005-இல் வந்த சட்டம் மறுபடி கதவைத் திறந்தது. பிறகு இந்தக் கழிக்குப் பக்கத்திலுள்ள செய்யூரில் 4,000 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்டத் திட்டமிட்டார்கள். ஏரிகளையும் மேய்ச்சல் நிலத்தையும் அது விழுங்கும் என்று ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். மின்நிலையம் எழவில்லை. எழுந்திருந்தால் இந்தப் பத்திகளை எழுத வேலையே இருந்திருக்காது.

செய்யூரிலிருந்து மதுராந்தகம் முப்பது கி.மீ.க்குள். கழியிலிருந்து ஏரிக்கு ஏறும் சாலை இதுவே. மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயில். கலெக்டர் லயனல் பிளேஸ், அடைமழை இரவில் ஏரி உடைந்துவிடுமோ என்று கரைக்குப் போனபோது வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நிற்கக் கண்டார் என்பது தலபுராணம். அதே பிளேஸ்தான் 1798-இல் வேடந்தாங்கல் மக்களுக்குப் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதிக் கொடுத்தார் என்பது வரலாறு. பட்டாளத்து வெள்ளைக்காரர்கள் வந்து பறவைகளைச் சுட்டுவிட்டுப் போக, ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் முறையிட்டு வாங்கிய உரிமை அது. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளையும் என்பது அவர்களுக்குத் தெரியும். தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர் என்ற பெயரை அவர்கள் இன்னும் காப்பாற்றுகிறார்கள்.

வேடந்தாங்கல் ஏரி 30 ஹெக்டேர்தான். நீர்க்கடம்பு மரங்கள் தண்ணீருக்குள் நிற்கும், அவற்றில் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா என்று கிளைக்குக் கிளை கூடு. கரிக்கிலி அதைவிடப் பெரிது, 61 ஹெக்டேர், கூட்டம் குறைவு. இரண்டுக்கும் நடுவே பத்துக் கி.மீ.க்குள் கிராமச் சாலை. மதுராந்தகம் ரயில் நிலையத்தில் இறங்கி, வேடந்தாங்கல், கரிக்கிலி பார்த்து, படாளம் கூட்டுரோடு வழியாகத் திரும்பும் வட்டம் முழுவதும் நெல் வயலும் கரும்பும் ஏரிக்கரையுமாக ஓடும். இதை ஈடுகட்டும் சைக்கிள் வழி சென்னைக்கு இவ்வளவு பக்கத்தில் வேறு கிடையாது. நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை உத்தமம். வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிய ஆண்டில் போக வேண்டாம். ஏரி வெறும் தரையாக இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. செங்கல்பட்டிலிருந்து படாளம் வரை ஜி.எஸ்.டி. சாலையில் சைக்கிள் ஓட்டுவது எனக்கு உடன்பாடில்லை. பாலாற்றுப் பாலத்தில் அரசு விரைவுப் பேருந்தும் கன்டெய்னர் லாரியும் ஒன்றோடொன்று போட்டி போடும்போது நடுவில் சிக்கும் சைக்கிளுக்கு எந்தச் சாமியும் காவல் இல்லை. அந்தத் தூரத்தை ரயிலில் கடப்பதே புத்திசாலித்தனம்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்த வழிகளைப் பற்றிப் பேச முடியாது. தட்டையான நிலத்தில் ஏற்றத்துக்குப் பதிலாக இருப்பது காற்றுதான். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்று: மாமல்லபுரம் போகும்போது முதுகில் தள்ளிவிடும், ‘இன்றைக்குக் கால் நன்றாக இருக்கிறது’ என்று நினைக்க வைக்கும், திரும்பும்போது வட்டியோடு வசூலித்துவிடும். பிப்ரவரி முதல் மே வரை காலையில் அடங்கியிருந்து, பத்து பதினொரு மணிக்குத் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழும். தெற்கே போகிறவர்கள் அதற்குமுன் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஆடி மாதத்தில் காலை முழுக்க மேல்காற்று. கடலிலிருந்து வேடந்தாங்கல் பக்கம் ஏறுகிறவருக்கு மூச்சு முட்டும். ரயிலில் மேற்கே போய் இறங்கி, கடலை நோக்கி ஓட்டினால் அதே காற்று துணை. இன்னொரு தொல்லை சீமைக்கருவேல முள். ஏரிக்கரைச் சாலைகளில் ஒன்றுக்கு இரண்டு டியூபாக எடுத்துப் போகாதவர் பஞ்சர் கடை தேடி அலைவார். உப்புக் காற்று பட்ட செயினை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விட்டாக வேண்டும்.

ஹெல்மெட்டும் இறுக்கமான உடையும் அணிந்தவர்கள் மட்டுமே சைக்கிள் ஓட்டுகிறார்கள் என்ற எண்ணத்தில் இதை யாரும் படிக்க வேண்டாம். இந்தச் சாலைகளில் உண்மையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் வேறு: உப்பளத்துக்குப் போகிறவர், கேரியரில் மீன் கூடை கட்டியவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள். 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிப் பிறகு எல்லோருக்கும் விரிந்த இலவச சைக்கிள் திட்டம், பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளை இந்த ஊர்ச் சாலைகளில் கூட்டம் கூட்டமாக இறக்கியது. காலை எட்டரை மணிக்குச் செய்யூர்ப் பக்கம் நின்றால் தெரியும். சைக்கிளுக்குச் சாலையில் இடம் கேட்பது வார இறுதிப் பொழுதுபோக்குக்காரர்களின் கோரிக்கை என்று அதிகாரிகள் நினைத்தால், இந்தப் பிள்ளைகளை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

ஈ.சி.ஆர். 2002 முதல் சுங்கச் சாலை. சைக்கிளுக்குச் சுங்கம் கிடையாது, இடமும் கிடையாது. இப்போது மாமல்லபுரத்துக்குத் தெற்கே நான்கு வழித் தேசிய நெடுஞ்சாலையாக விரிகிறது. 46 கி.மீ. நீளமுள்ள மரக்காணம்–புதுச்சேரிப் பகுதிக்கு மத்திய அமைச்சரவை 2025 ஆகஸ்டில் ஒப்புதல் தந்தது. சாலை அகலமானால் சைக்கிளுக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். அகலமான சாலையில் கார்கள் இன்னும் வேகமாகப் போகும். நடுச்சுவர் வந்துவிட்டால் எதிர்ப்பக்கத்துக் கழிக்கரைக்குத் திரும்ப ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். மீனவக் குப்பங்களுக்கும் இதே கதிதான்.

சரி, ஈரநிலத்தைச் சுற்றித் தனி சைக்கிள் பாதை போட்டுவிடலாமா? ‘சூழல் சுற்றுலா’ என்ற பெயரில் இந்த யோசனை அடிக்கடி எழும். எனக்கு இதில் பயம் உண்டு. ஏரிக்கரையில் சிமென்ட் போட்டு, விளக்குக் கம்பம் நட்டு, தள்ளுவண்டிக் கடைகளை வரவழைத்தால் கூடு கட்டும் பறவை எங்கே போகும்? சிங்கப்பூரின் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்துக்குள் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. வாசலில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். ராஜஸ்தானின் பரத்பூர் வேறு வழியைப் பிடித்தது. அங்கே கேவலாதேவ் பூங்காவுக்குள் வாடகை சைக்கிளும் சைக்கிள் ரிக்ஷாவும் ஓடுகின்றன. ரிக்ஷாக்காரர்களே பறவை பெயர் சொல்லும் வழிகாட்டிகள் ஆனார்கள். அது 29 சதுர கி.மீ. பூங்கா, வேடந்தாங்கலின் சின்ன ஏரிக்குள் அது செல்லாது. ஆனால் வேடந்தாங்கலுக்கு வரும் வழியில் செல்லும். கார்களைப் படாளத்திலேயே நிறுத்திவிட்டு, ஊர் இளைஞர்களிடம் வாடகை சைக்கிள் எடுத்து வரச் சொல்லலாம். 2020-இல் சரணாலயத்தின் ஐந்து கி.மீ. ஆரத்தை மூன்றாகக் குறைக்கும் யோசனை எழுந்து, பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அந்த ஐந்து கி.மீ.யும் பறவைக்கு உரியது என்று மேடையில் பேசுகிறவர்கள் அதைக் காரில் கடந்து வருவது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

ஆக, புதிதாகக் கட்ட வேண்டியது அதிகமில்லை. கோவளம்–கேளம்பாக்கம், நெம்மேலி–திருப்போரூர், மாமல்லபுரம்–திருக்கழுக்குன்றம்–செங்கல்பட்டு, செய்யூர்–மதுராந்தகம், வேடந்தாங்கல்–கரிக்கிலி ஆகிய ஐந்து சாலைகளிலும் நெடுஞ்சாலைத் துறை அடுத்த முறை தார் போடும்போது, இருபுறமும் ஒன்றரை மீட்டர் ஓரத்தைச் சமன் செய்து, முள்ளை வெட்டி, வேகத்தை நாற்பதுக்குள் கட்டுப்படுத்தினால் போதும். பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது உதவும். தெற்கு ரயில்வே நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஞாயிறு அதிகாலையில் செங்கல்பட்டு, மதுராந்தகம் போகும் வண்டியில் ஒரு பெட்டியைச் சைக்கிளுக்கு ஒதுக்கட்டும். வரும் பருவத்தில் மாமல்லபுரத்தோடு திரும்பிவிடாமல், ஒருமுறை வேடந்தாங்கலில் தொடங்கிக் கடப்பாக்கத்தில் முடியும்படி ஓட்டிப் பாருங்கள். ஓட்டியபின் எந்தச் சாலையில் எந்த இடத்தில் ஓரம் இல்லை என்று குறித்து, படத்தோடு மாவட்ட ஆட்சியருக்கு மனுவாகக் கொடுங்கள். திங்கட்கிழமைதோறும் குறைதீர்க்கும் நாள்.